பின்சில்லு அசையாவிட்டால் எங்கே பார்ப்பது?



பல வருடங்களாக நிறுத்தி வைத்த பழைய மோட்டார் சைக்கிளின் பின்சில்லு சுழலாமல் நின்றால், எது பிடித்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றி வானொலியில் பேசியிருந்தேன். பேசி முடிந்த பின் வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, “அந்தச் செயின் விசயத்தை இன்னொருக்கால் சொல்லுங்கோ” என்றுதான் இருந்தன. அதனால் அந்த உரையைக் கொஞ்சம் விரித்து, கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களையும் சேர்த்து இங்கே தருகிறேன். வானொலியில் கையால் காட்ட முடியாது. எழுத்திலும் முடியாதுதான், ஆனால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கராஜுக்குள் கொண்டுபோகலாம்.

நான் இருக்கும் லோறென்ஸ்கூக் குடியிருப்பில், மின்சாரக் கார்களுக்கு மின்னேற்றும் பெட்டிகள் பூட்டுவதற்காகக் கீழ்த்தளக் கராஜ்களை ஒழித்துத் தரும்படி கடிதம் வந்தது. கடிதம் வந்தால் தெரியும்தானே, கட்டில் சட்டம், பழைய தொலைக்காட்சி, ஊரிலிருந்து கொண்டுவந்த பயணப்பெட்டி எல்லாம் வெளியே வரும். ஒரு மூலையில் தார்ப்பாயின் கீழே ஒரு ஹொண்டா 125 நின்றது. எனக்குத் தெரிந்த ஓர் அண்ணருடைய வண்டி. எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் பலர் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்களல்லவா, அந்தக் காலத்தில் அங்கே ஒருவர் பாவித்ததை வாங்கினார். ஒஸ்லோப் பக்கம் குடிவந்தபோது அதையும் விடாமல் கொண்டுவந்தார். 1998 இலையுதிர் காலத்தில் கராஜில் விட்டவர் பிறகு எடுக்கவேயில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை.

வண்டியை வெளியே எடுக்கப் போனால் பின்சில்லு கல்லுப்போல நின்றது. கிக்கரும் கீழே இறங்கவில்லை. இதைக் கேட்ட ஒரு திருத்தகத்தில், என்ஜின் இறுகிவிட்டது, திருத்துகிற காசுக்கு வேறொன்று வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். குப்பைக் கொள்கலன் வருவதற்கு இரண்டு கிழமைதான் இருந்தது. “தம்பி, ஓடவேண்டாம். உருட்டக்கூடியதாய் இருந்தாலே காணும். பிள்ளை தன்ர வீட்டில கொண்டுபோய் வைக்கிறன் எண்டு நிக்கிறாள்,” என்றார் அந்த அக்கா.

சில்லு சுழலவில்லை, கிக்கர் இறங்கவில்லை என்ற இரண்டையும் வைத்து என்ஜின் போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது. ஏன் என்று பாருங்கள். பின்சில்லைச் செயின் முன்னாலுள்ள சிறிய பற்சில்லோடு இணைக்கிறது. அந்தப் பற்சில்லுக்குப் பின்னால் கியர்ப்பெட்டி, அதற்குப் பின்னால் கிளச், அதற்குப் பின்னால் என்ஜின். வண்டி கியரில் நின்றால் இவை எல்லாம் கை கோத்து நிற்கிற ஆட்களைப் போல. ஒருவர் கால் ஊன்றி நின்றால் மற்றவர்களும் அசைய முடியாது. என்ஜின் இறுகினால் சில்லு நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்சில்லில் பிறேக் பிடித்தாலும் என்ஜின் சுழலாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆகவே முதல் வேலை திருத்துவது அல்ல, கோத்த கைகளை ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்ப்பது.

இதில் அவசரப்படக்கூடாது என்பதை நான் யாழ்ப்பாணத்தில் கராஜில் நின்ற காலத்திலேயே படித்தேன். தொண்ணூறுகளின் முற்பகுதியில் பொருளாதாரத் தடை இருந்தபோது, கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை உங்களில் பலர் ஓட்டியிருப்பீர்கள், அல்லது பின்னால் இருந்து அந்தப் புகையைக் குடித்திருப்பீர்கள். உதிரிப்பாகம் வராது. ஒரு பிறேக் தட்டை உடைத்தால் உடைத்ததுதான், வண்டி முடிந்தது. அதனால் ஒரு நட்டு இளகாவிட்டால் இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவிட்டு, அடுத்தநாள் காலையில்தான் மீண்டும் தொடுவோம். இன்றைக்கும் பழைய வண்டிகளுக்கு அதே நிலைதான். காசு இருந்தாலும் சில சாமான்கள் கிடைக்காது.

சரி, விசயத்துக்கு வருவோம். வண்டியை நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி வையுங்கள், பின்சில்லு நிலத்தில் முட்டக்கூடாது. நடு ஸ்ராண்ட் இல்லாவிட்டால் என்ஜினின் கீழே உறுதியான மரக்கட்டை கொடுங்கள். பிறகு கையில் ஒன்றும் எடுக்காமல் ஒரு ரோச் லைற்றோடு சுற்றிவரப் பாருங்கள். ரயர் பக்கச் சட்டத்தில் உரசி நிற்கிறதா? மட்காட் நசுங்கி ரயரை அமர்த்துகிறதா? யாரோ களவுக்குப் பயந்து போட்ட சங்கிலிப் பூட்டு கம்பிகளுக்குள்ளே கிடக்கிறதா? சிரிக்காதீர்கள், அப்படி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எல்லாவற்றிலும் முக்கியமான பரிசோதனை. இதற்கு இரண்டு கையும் காதும் போதும். ரயரைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். இழுத்துச் சுழற்றுவதல்ல, குழந்தையின் தொட்டிலை ஆட்டுவதுபோல. எந்த நல்ல வண்டியிலும் செயினின் தளர்வும் கியர்ப் பற்களின் இடைவெளியும் சேர்ந்து சில்லுக்குச் சிறிய ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சில்லு கொஞ்சம் ஆடி, பிறகு செயின் விறைத்து அதனால் நிற்கிறது என்றால், சில்லில் குறையில்லை. பிடி முன்னால், அதாவது கியர்ப்பெட்டிப் பக்கம் அல்லது என்ஜினில் இருக்கிறது. இதைக் கண்ணாலும் உறுதிப்படுத்தலாம். சில்லை முன்னோக்கிச் சுழற்றினால் செயினின் கீழ்ப்பக்கம் விறைக்கும், பின்னோக்கிச் சுழற்றினால் மேற்பக்கம் விறைக்கும். மாறி மாறி இப்படி விறைத்தால் சில்லு சுழல ஆயத்தமாக நிற்கிறது, செயின்தான் அதை விடவில்லை என்று அர்த்தம். மாறாக, செயின் இரண்டு பக்கமும் தளர்ந்து தொங்கிக்கொண்டிருக்க, சில்லு மட்டும் ஒரு மயிரிழையும் அசையவில்லை என்றால், பிடி சில்லுக்குள்ளேயேதான். பிறேக், அல்லது அச்சாணியும் அதன் பெயரிங்குகளும். செயின் மூடிக்குள் இருக்கிற வண்டியென்றால், மூடியிலுள்ள றப்பர் அடைப்பைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

அந்த ஹொண்டாவில் ஆட்டமே இல்லை. செயின் தளர்வாகத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இங்கே பலர் கேட்ட கேள்வி, “கிளச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் தெரியாதா?” என்பது. தெரியாது. நீண்ட காலம் நின்ற வண்டியில் கிளச் தகடுகள் பழைய ஒயிலோடு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். நீங்கள் கைபிடியை இழுத்தாலும் உள்ளே தகடுகள் பிரியாது. ஆகவே கிளச் சொல்வதை நம்பவேண்டாம். கியரை நியூற்றலுக்குக் கொண்டுவர முயற்சி செய்யலாம், ஆனால் கியர் மாறுவதற்கு உள்ளே பற்கள் கொஞ்சமாவது சுழலவேண்டும். சில்லு அசையாமல் நிற்கும்போது கியர்ப் பெடலை மிதி மிதி என்று மிதித்தால் பெடல்தான் வளையும். ஒரு காலால் மெதுவாக அமர்த்திக்கொண்டு சில்லை ஆட்டிப் பாருங்கள். மாறினால் மாறட்டும், மாறாவிட்டால் விடுங்கள்.

அடுத்தது செயினைக் கழற்றுவது. தொலைபேசியில் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். செயினில் ஒரு கண்ணியில் மட்டும் மீன் வடிவத்தில் ஒரு சிறிய கிளிப் இருக்கும். குறட்டால் அந்தக் கிளிப்பை அதன் வால் பக்கமாக, அதாவது பிளந்த பக்கத்திலிருந்து, மெல்ல நெம்பினால் கழன்றுவிடும். கறள் பிடித்திருந்தால் முதல்நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். திரும்பப் பூட்டும்போது மீனின் தலை செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். மறுவளமாகப் பூட்டினால் ஓடும்போது எதிலாவது தட்டுப்பட்டுக் கிளிப் கழன்று போகலாம். செயின் முழுக்கக் கறளேறி விறைத்து, தடிபோல வளைந்து நின்றால், அதுவே சில்லைப் பிடிக்கிற குற்றவாளியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட செயினைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

செயின் கழன்றதும் வழக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். சில்லு சுழன்றால் குறை முன்னால். சுழலாவிட்டால் குறை சில்லில். அந்த ஹொண்டாவின் சில்லு அப்போதும் அசையவில்லை. என்ஜின் பக்கத்தில், முதல்நாள் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்ச என்ஜின் ஒயில் விட்டு ஊறவைத்திருந்தேன். செயின் இல்லாத நிலையில் கிக்கரைக் கையால் அமர்த்தினேன். மெதுவாக இறங்கியது. முன் பற்சில்லும் கூடவே சுழன்றது. வண்டி கியரில்தான் நின்றிருக்கிறது, கிளச் தகடுகளும் ஒட்டித்தான் இருக்கின்றன, என்ஜினில் பிடி இல்லை. அண்ணர் கராஜின் சரிவில் வண்டி உருளாமல் இருக்க முதலாம் கியரில் விட்டிருக்கிறார். பின் பிறேக் பிடித்தது, கியர் அந்தப் பிடியை என்ஜின் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, “மாமா, அப்ப என்ஜின் நல்லமோ?” என்று கேட்டாள். சுழல்கிறது, அது மட்டும்தான் இப்போதைக்குத் தெரியும் என்று சொன்னேன்.

இனிப் பிறேக். ட்றம் பிறேக்கில் வட்டமான ஓர் உருளைக்குள்ளே இரண்டு சூக்கள் இருக்கும். நாங்கள் பெடலை மிதித்தால் ஒரு கம்பி வெளியே இருக்கிற சிறிய கையை இழுக்கும். அந்தக் கை உள்ளே ஒரு சிறு அச்சைத் திருப்பும். அச்சின் நுனி தட்டையாக இருப்பதால், திரும்பும்போது இரண்டு சூக்களையும் விரித்து ட்றம்மோடு அழுத்தும். பெடலை விட்டதும் ஸ்பிறிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். நீண்டகாலம் நின்ற வண்டியில் இரண்டு இடங்களில் பிடிக்கும். ஒன்று, அந்தச் சிறு அச்சு தன் துளைக்குள் கிறீஸ் காய்ந்து கறளேறி, விரித்தபடியே நின்றுவிடும். மற்றது, சூக்கள் ட்றம்மின் இரும்பு உட்சுற்றோடு கறளால் ஒட்டிக்கொள்ளும். வீதிக்கு உப்புப் போடுகிற இந்த நாட்டில், வண்டியைக் கழுவி ஈரத்தோடு குளிர்ந்த கராஜில் விட்டால் இரண்டாவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எது என்று பார்க்க, கம்பியின் நுனியிலுள்ள திருகு நட்டை முழுவதுமாகக் கழற்றிக் கம்பியை விடுவியுங்கள். வெளிக்கை தானாகத் திரும்பி வருகிறதா? வந்தால் அச்சு சரி, சூக்கள் ஒட்டியிருக்கின்றன. வராமல் அப்படியே நின்றால் அச்சு பிடித்திருக்கிறது. அந்த ஹொண்டாவில் கை வரவில்லை. பில்தெமாவில் விற்கிற கறள் இளக்கும் எண்ணெயை அச்சு வெளியே வருகிற இடத்தில் ஓரிரு துளி மட்டும் விட்டேன். தாராளமாக அடித்தால் அது உள்ளே போய்ச் சூவில் ஊறிவிடும், பிறகு பிறேக் பிடிக்காது. இரண்டு நாள், காலையும் மாலையும் ஒவ்வொரு துளி. இடையிடையே கையை அது திரும்பவேண்டிய திசையில் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். இரண்டாம் நாள் மாலையில் ஸ்பிறிங் இழுத்துக் கை திரும்பி வந்தது.

சில்லு அப்போதும் சுழலவில்லை! இரண்டு பிடியும் ஒன்றாக இருந்திருக்கின்றன. இப்படி நடப்பது புதுமையல்ல, ஒரு குறையைக் கண்டதும் தேடுவதை நிறுத்தினால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

ஒட்டிய சூவை விடுவிக்க, ட்றம்மின் வெளிச்சுற்றில் றப்பர்ச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டவேண்டும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், வெளிப்பகுதி அலுமினியம், வெடித்துவிடும். தட்டிவிட்டுச் சில்லைப் பின்னோக்கி ஆட்டிப் பாருங்கள். ஏன் பின்னோக்கி? கதவின் கீழே ஆப்பு வைத்தால் ஒரு பக்கம் தள்ளத் தள்ள இறுகும், மறுபக்கம் இழுத்தால் விட்டுவிடும். வண்டி முன்னோக்கி வந்து நின்றதால் ஒரு சூ அப்படி ஆப்பாக இறுகி நிற்கலாம். ஆனால் மற்றச் சூ எதிர்த் திசையில் இறுகக்கூடியது. ஆகவே கொஞ்சம் பின், கொஞ்சம் முன், நடுவில் தட்டு. ஒரே திசையில் முறுக்காதீர்கள். ஒரு அரை மணித்தியாலத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சில்லு உறுமிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. அக்கா ஒன்றும் பேசவில்லை, சேலைத் தலைப்பால் இருக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

தட்டியும் வராவிட்டால் அச்சாணியை இழுத்து, சில்லைப் பிறேக் தட்டோடு சேர்த்து வெளியே எடுத்து மேசையில் வைத்து வேலை செய்யலாம். அச்சாணியின் நுனியில் நேரடியாக அடிக்கவேண்டாம், திருகுப் புரி நசுங்கிவிடும். நட்டை நுனியோடு மட்டமாக வரும்வரை திருகிவிட்டு, ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டுங்கள். நெருப்பு வைத்துச் சூடாக்கலாமா என்று ஒரு நேயர் கேட்டார். கராஜுக்குள் பெற்றோல் தாங்கியோடு நிற்கிற வண்டியில் நெருப்பா? தயவுசெய்து வேண்டாம்.

ட்றம்மைத் திறக்கிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. அந்தக் காலத்துப் பிறேக் சூக்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். ஊரில் காற்றுக் குழாயால் ‘புஸ்’ என்று அடித்துத் துப்புரவாக்குவோம், வாயால் ஊதுவோம். அதை இங்கே செய்யாதீர்கள், அங்கேயும் செய்யவேண்டாம் என்று உறவினருக்குச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பத்து, இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் நோயாக வெளிவரும். நுண்தூசு தடுக்கும் முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பழைய சூக்களையும் பையில் இறுகக் கட்டி, மீள்சுழற்சி நிலையத்தில் அபாயக் கழிவு என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

பெயரிங் பிடித்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். பிறேக் விடுபட்ட பிறகும் சில்லு மணல் அரைப்பதுபோல உறுமினால், அல்லது பக்கவாட்டில் ஆட்டினால் கிடுகிடுத்தால் பெயரிங்தான். அச்சாணி நட்டைத் தளர்த்தியவுடன் சில்லு சுழன்று, இறுக்கியவுடன் நின்றால், முன்பு யாரோ கழற்றிப் பூட்டியபோது இடையில் வரவேண்டிய குழாய்த் துண்டை விட்டிருக்கிறார்கள், அல்லது மாறிப் போட்டிருக்கிறார்கள்.

தட்டுப் பிறேக் உள்ள வண்டிக்கு ஒரு பரிசோதனை போதும். பிறேக் பிடியிலுள்ள காற்றெடுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். திரவம் சீறி வந்து சில்லு விடுபட்டால், குழாய் உள்ளே வீங்கியோ மேலே துளை அடைபட்டோ அழுத்தம் திரும்பாமல் நிற்கிறது. விடுபடாவிட்டால் பிஸ்ரன் கறளில் பிடித்திருக்கிறது. அந்தத் திரவம் பெயின்ரைத் தின்னும், கவனம்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விட்டுவந்த அப்பாவின் வண்டி ஊரில் இன்னும் நிற்கிறது, கறையான் மண்ணுக்குள் இருந்து எடுத்தார்களாம், என்ன செய்யலாம் என்று ஒரு நேயர் கேட்டார். அங்கே இருக்கிற தம்பியைக் கொண்டு ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். சில்லு ஆடுகிறது, செயின் விறைத்து நிற்கிறது என்று பதில் வந்தது. அப்படியென்றால் முதலில் முன் பற்சில்லின் மூடியைக் கழற்றி, உள்ளே மண் கட்டியாகி நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால், கடற்காற்றில் பிஸ்ரன் வளையங்கள் சிலிண்டரோடு கறளால் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் மெல்லிய ஒயிலும் கலந்து உள்ளே விட்டு, ஒரு கிழமையாவது ஊறவிடவேண்டும். பிறகு கடைசிக் கியரில் போட்டுச் சில்லை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டலாம். லான்ட்மாஸ்ரரில் கட்டி இழுத்தால் வரும் என்று அயலில் ஒருவர் சொன்னாராம். வரும்தான், பிஸ்ரன் உடைந்து வரும்.

சில்லு சுழல்கிறது என்பதற்காக ஓட்டக்கூடாது. சூக்கள், பிறேக் கம்பி, செயின், ரயர், ரியூப் அனைத்தும் மாற்றவேண்டியவை. ரயரின் வயதை அதன் பக்கத்திலேயே பார்க்கலாம். டி.ஓ.ரி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள இலக்கங்களைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து அவை நான்கு இலக்கம். முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். அதற்கு முந்திய ரயர்களில் மூன்று இலக்கம்தான். அந்த ஹொண்டாவில் மூன்று. உருட்டலாம், ஏறி ஓட முடியாது.

சொந்தக்காரர் காலமாகிவிட்ட வண்டியென்றால் பத்திர வேலையும் இருக்கிறது. வண்டியை வாரிசின் பெயருக்கு மாற்ற, நீதிமன்றம் தருகிற வாரிசுச் சான்றிதழ் (ஷிஃப்தெஅத்தெஸ்த்) தேவை. வண்டி இப்போது பதிவில் இருக்கிறதா என்பதை, வீதி நிர்வாகத்தின் (ஸ்தாத்தென்ஸ் வேக்வேசன்) இணையத்தளத்தில் இலக்கத்தகட்டு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். இலக்கத்தகடு கழற்றிக் கொடுக்கப்பட்டிருந்தாலும் எண்ணைக் குறித்து வைத்திருங்கள், சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கறள் ஏறிய பின் அதை வாசிப்பது கடினம்.